வங்கித் தொழில்நுட்பப் பயிற்சியைத் தருமபுரியிலேயே தரலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் கணினி அறிவியலும் வணிகவியலும் படிக்கும் மாணவ மாணவியர், கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் இன்டர்ன்ஷிப் எனப்படும் பணிப்பயிற்சிக்கு இடம் தேடி அலைவதை உங்கள் வாசகர்களில் பலர் தத்தம் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். அவர்களில் வங்கித் தொழில்நுட்பத்தைக் கற்க விரும்புகிறவர்களுக்கு இந்த இரு மாவட்டங்களிலும் இன்று உருப்படியான வழி ஏதும் இல்லை. அந்த வழியை உண்டாக்கப் புதிய சட்டமோ பெரும் நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் காலாண்டுக்கு ஒருமுறை நடந்துவரும் வங்கியாளர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். இதை எடுத்துச்சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். பொதுத்துறை வங்கியொன்றில் எழுத்தராகச் சேர்ந்து, பேரேட்டில் கையால் பதிவு போட்ட காலம் தொட்டு எல்லாக் கிளைகளையும் ஒரே மையக் கணினியில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்து நிலைத்த காலம் வரை கிளைகளிலேயே பணியாற்றி, மேலாளராக ஓய்வு பெற்றவன் என்பதால், இதில் வங்கிகள் சொல்லும் தயக்கங்களும் எனக்குத் தெரியும். அவற்றில் எது நியாயம், எது சாக்கு என்பதும் ஓரளவு தெரியும்.

வங்கித் தொழில்நுட்பம் என்றாலே செல்போன் செயலியைத்தான் பலரும் நினைக்கிறார்கள். செயலி என்பது வாசற்படி மட்டுமே. 2016-இல் அறிமுகமான யு.பி.ஐ. முறையில் 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. அவற்றில் ஒவ்வொன்றிலும் பணம் அனுப்புபவரின் வங்கி, பெறுபவரின் வங்கி, நடுவில் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் என்று மூன்று இடங்களில் உள்ள கணினிகள் சில விநாடிகளுக்குள் ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்றில் ஒன்று பதில் சொல்லத் தாமதித்தாலும், வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும், ஆனால் எதிரில் நிற்கும் கடைக்காரரின் ஒலிப்பெட்டி மௌனமாக இருக்கும். இப்படித் தொங்கலில் நிற்கும் பணத்தை எத்தனை நாளுக்குள் திருப்பித் தரவேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் வரையறுத்திருக்கிறது. தனிநபருக்கு அனுப்பிய யு.பி.ஐ. பணம் அவருக்குப் போய்ச் சேராவிட்டால் பரிவர்த்தனை நடந்த நாளுக்கு அடுத்த நாளுக்குள்ளும், கடைக்காரருக்குச் செலுத்தியதும் ஏ.டி.எம்.மில் வராமல் போனதும் 5 நாட்களுக்குள்ளும் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீட்டை, வாடிக்கையாளர் கேட்காமலே தரவேண்டும்.

இந்த விதி தாளில் இருந்தால் போதாது. ஏ.டி.எம். எந்திரம் தனக்குள் எழுதி வைத்திருக்கும் பதிவு, எந்திரத்துக்கும் வங்கிக்கும் நடுவில் தகவலை மாற்றிவிடும் ஸ்விட்ச் என்ற கணினி தரும் பதிவு, வங்கியின் மையக் கணினியில் விழுந்திருக்கும் பதிவு ஆகிய மூன்றையும் தினந்தோறும் வரிக்கு வரி ஒத்துப்பார்த்து, எங்கே பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தால்தான் அந்தப் பணம் திரும்ப வரும். வங்கிக்காரர்கள் ரீகன்சிலியேஷன் என்று சொல்லும் இந்த வேலைதான் வங்கித் தொழில்நுட்பத்தின் உயிர்நாடி என்பது என் கருத்து. பெரும்பகுதியை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது என்றாலும், மென்பொருள் கைவிரித்து ஒதுக்கிவைக்கும் இனங்களை மனிதர்தான் பார்க்கவேண்டும். இதற்கு மேதாவித்தனம் தேவையில்லை. இரண்டு பட்டியல்களை ஒரு பொது எண்ணை வைத்து இணைத்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றைப் பிரித்தெடுப்பது இரண்டாம் ஆண்டு கணினி மாணவர் தரவுத்தளப் பாடத்தில் கற்றுக்கொள்கிற விஷயம். ஆனால் அந்தப் பாடத்தை நிஜமான ஒரு வங்கியின் நாள் முடிப்போடு பொருத்திப்பார்க்கும் வாய்ப்பு அவருக்கு எங்கேயும் கிடைப்பதில்லை.

எங்கள் தலைமுறைக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது, அதுவும் சம்பளத்தோடு. பேரேட்டுக் கூட்டலும் பொதுப்பேரேட்டு இருப்பும் ஒத்துவராத நாட்களில், வித்தியாசத் தொகை 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள், அதாவது 54-ஐ 45 என்று போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படு எனவும், வித்தியாசம் இரட்டைப்படையாக இருந்தால் அதன் பாதித் தொகையைத் தேடு, பற்று எழுதவேண்டியதை வரவில் எழுதியிருப்பார்கள் எனவும் மூத்த எழுத்தர் சொல்லிக்கொடுப்பார். புத்தகத்தில் படித்து அல்ல, இரவு வெகுநேரம் வரை கிளையில் உட்கார்ந்து தேடித்தான் அது கைவந்தது. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் வங்கிகளை எந்திரமயமாக்கப் பரிந்துரைத்த பிறகு பேரேடு பதியும் எந்திரம் வந்தது, பிறகு கிளை முழுவதும் கணினி வந்தது, அதன்பின் கோர் பேங்கிங் வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய கணக்கைப் புதிய கணினியில் ஏற்றி, இரண்டையும் சில காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, பைசா சுத்தமாக ஒத்துவருகிறதா என்று பார்த்தோம். இன்று மையக் கணினி எங்கோ மும்பையிலோ சென்னையிலோ ஹைதராபாத்திலோ இருக்கிறது. கிளையில் இருப்பது திரையும் விசைப்பலகையும்தான். ஆகவே கிளைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவருக்குக் காட்ட ஒன்றுமில்லை என்று மேலாளர்கள் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான்.

மீதிப் பாதியைச் சொல்லுகிறேன். என் தங்கையின் பேத்தி பாலக்கோடு அருகே ஒரு கிராமத்திலிருந்து தருமபுரிக்குச் சென்று கணினி அறிவியல் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு வங்கிக் கிளையில் அவளுக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பெயர் வேண்டாம், எந்தக் கிளையானாலும் அதுவே நடந்திருக்கும். அங்கே அவள் செய்தது என்னவென்றால், கணக்குத் தொடங்கும் படிவங்களைப் பூர்த்தி செய்தது, ஆதார் நகல்களில் கையொப்பம் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தது, பாஸ்புக் எந்திரத்தின் அருகே நின்று புத்தகத்தை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுவது என்று பெரியவர்களுக்குச் சொன்னது, கூட்டம் குறைந்த மதிய வேளையில் வாடிக்கையாளர்களின் செல்போனில் வங்கியின் செயலியை ஏற்றிக்கொடுத்தது. கடைசி வேலைதான் என்னைத் திடுக்கிடச் செய்தது. நூறு நாள் வேலைக் கூலி எடுக்க வந்த அம்மாக்கள் போனையும் ஏ.டி.எம். அட்டையையும் சேர்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, இரகசிய எண்ணையும் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள். வங்கியின் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண் வங்கிக்காரிதானே என்ற நம்பிக்கை. ஊழியரல்லாத, பொறுப்பேதும் எழுதி வாங்கப்படாத இருபது வயதுப் பெண் ஒருத்தி அந்த எண்களைக் கேட்கும் நிலையில் வைக்கப்பட்டது அவளுக்கும் ஆபத்து, அந்த அம்மாக்களுக்கும் ஆபத்து. தொழில்நுட்பத்தைக் காட்டினால் வாடிக்கையாளர் இரகசியம் வெளியே போய்விடும் என்று அஞ்சுகிற வங்கிகள், தொழில்நுட்பம் எதையும் காட்டாமலே அந்த இரகசியத்தை எவ்வளவு எளிதாக வெளியே விடுகின்றன என்பதை அதிகாரிகள் கவனிக்கவேண்டும்.

அதற்கடுத்த ஆண்டு அதே பெண் பெங்களூருவில் வங்கி மென்பொருளைச் சோதித்துத் தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெற்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்தவள், "தாத்தா, ஜனவரி 31ஆம் தேதி ஆர்.டி. ஆரம்பிச்சா மார்ச் மாசத் தவணை எந்தத் தேதி வரணும்?" என்று மாதத் தவணைச் சேமிப்புக் கணக்கைப் பற்றிக் கேட்டாள். மார்ச் 31 என்றேன். அவளுக்குச் சோதிக்கக் கொடுத்திருந்த மென்பொருள் பிப்ரவரிக்கு 28 என்று சரியாகச் சொல்லிவிட்டு, அதற்கடுத்த தவணையை கணக்குத் தொடங்கிய தேதியிலிருந்து கணக்கிடாமல் முந்தைய தவணையிலிருந்து கணக்கிட்டதால் மார்ச் 28, ஏப்ரல் 28 என்றே போய்க்கொண்டிருந்ததாம். மார்ச் 31 அன்று வழக்கம்போல் பணம் கட்ட வருகிறவருக்கு மூன்று நாள் தாமதம் என்று அபராதம் விழும். அவர் ஏன் என்று கேட்டால் கவுன்ட்டரில் இருப்பவர், "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்பார். என்ன தகவல் கொடுத்தேன், என்ன விடை வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று மூன்று கட்டங்களில் அவள் எழுதிக்கொடுத்த குறிப்பைக் கொண்டு நிரலைத் திருத்தியிருக்கிறார்கள். நாங்கள் பேரேட்டில் 9-ஆல் வகுத்துத் தேடியதும் அவள் திரையில் தேடியதும் வேறுவேறு வேலையல்ல. இத்தகைய பயிற்சியைத்தான் நான் வேண்டுகிறேன்.

ஆனால் அதற்கு அவள் குடும்பம் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் செல்ல 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை; அந்த ஒரு சலுகையால் கல்லூரிக்கு வந்த பெண்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். பெங்களூரு என்றால் விடுதி வாடகை, முன்பணம், சாப்பாடு, வார இறுதிப் பயணம் என்று ஒரு தக்காளி விவசாயி விலை நன்றாக இருக்கும் பருவத்தில்கூட யோசித்துச் செலவிடவேண்டிய தொகையாகிறது. பயிற்சிக்கு உதவித்தொகை கிடையாது. அவளோடு படித்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் அனுப்ப மறுத்ததால் இணையத்தில் பணம் கட்டி, சில காணொளிகளைப் பார்த்துவிட்டு, "வங்கி மற்றும் நிதித் தொழில்நுட்பத்தில் பயிற்சி பெற்றார்" என்ற சான்றிதழை அச்சிட்டுக் கல்லூரியில் ஒப்படைத்தார்கள். கல்லூரிகளும் அதை வாங்கிக்கொள்கின்றன. பாடத்திட்டம் பயிற்சிக்கு மதிப்பெண் புள்ளி கேட்கிறது, சான்றிதழ் வந்துவிட்டது, கோப்பு முடிந்தது. நேர்முகத் தேர்வில் ஒரே ஒரு கேள்வியில் சாயம் வெளுத்துவிடும் என்பது அந்தப் பிள்ளைகளுக்கே தெரியும்.

அரசின் திட்டங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். தேசியத் தொழிற்பயிற்சித் திட்டம் பெரும்பாலும் பட்டமோ டிப்ளமோவோ முடித்து வெளியே வந்தவர்களுக்கானது. 2024 அக்டோபரில் சோதனை முறையில் தொடங்கிய பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையோடு வந்தது என்றாலும், முழுநேரப் படிப்பில் இருப்பவர்கள் அதில் சேரமுடியாது என்றே விதி வைத்திருந்தது. பொதுத்துறை வங்கிகள் அண்மை ஆண்டுகளில் தொழிற்பழகுநர்களைச் சேர்ப்பதும் பட்டதாரிகளிலிருந்துதான். நான் முதல்வன் திட்டத்தில் வங்கி, நிதித்துறை சார்ந்த வகுப்புகள் உண்டு, அவை வகுப்புகள். ஆகமொத்தம், கல்லூரியில் இருக்கும்போதே நாலைந்து வாரம் ஒரு வங்கியின் கணினி வேலையைக் கண்ணால் பார்க்கவேண்டிய மாணவருக்கு இவை எதுவும் இடம் தரவில்லை.

இனி, நம் மாவட்டங்களில்தான் கற்க முடியும், பெங்களூருவில் முடியாது என்று நான் கருதும் ஒன்றைப் பற்றி. பென்னாகரம் பக்கம் மாதையன், மாதம்மாள் என்ற பெயர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. மாதையன் என்பதை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். ஆதாரில் ஒரு விதமாகவும், வங்கிக் கணக்கில் வேறு விதமாகவும், நில ஆவணத்தில் இன்னொரு விதமாகவும் இருக்கும். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் நிற்கும். குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் ஒரு மென்பொருளில் நம் ஊர்க்காரருக்கு அப்பா பெயரைப் போடுவதா, தலைப்பெழுத்தைப் போடுவதா, புள்ளி வைப்பதா என்று ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு முடிவெடுத்திருப்பார். தேன்கனிக்கோட்டை, தளிப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்களின் பெயர்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலை எழுதுகிறவருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால், உண்மையான பயனாளியின் விண்ணப்பம் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வராது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த மாணவருக்கு இது சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

ஆதார் வழியாக வரும் அரசுத் தொகைகளிலும் இதே கதைதான். ஒருவருக்கு இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால், ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியோடு இணைத்துப் பதியப்பட்டதோ அந்த வங்கிக்கே பணம் போகும். இது தெரியாமல், கூட்டுறவு வங்கிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பணம் வரவில்லை என்று தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடப்பவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். பணம் வேறொரு வங்கியில் அவர்கள் மறந்துபோன கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று தொடங்கிவைத்தது நம் மாவட்டத்துத் தொப்பூரில்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் முதல் தவணை வந்தபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பது போன்ற காரணங்களுக்காகச் சில வங்கிகள் அந்தத் தொகையில் பிடித்தம் செய்தன என்று புகார் எழுந்து, மாநில அரசு தலையிட நேர்ந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். வேண்டுமென்று யாரும் பெண்களின் பணத்தை எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. நிலுவைக் கட்டணம் இருந்தால், கணக்கில் பணம் வந்து விழுந்தவுடன் தானாக எடுத்துக்கொள் என்று நிரல் எழுதிவைத்திருந்தால், வந்தது உரிமைத் தொகையா வேறு பணமா என்று அது பார்க்காது. எந்த வரவில் கை வைக்கலாம், எதில் கூடாது என்பதை நிரலில் சேர்த்துச் சோதித்துப் பார்ப்பது முழுக்க முழுக்கத் தொழில்நுட்ப வேலை. ஒரு மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சிப் பொருள் கிடைக்குமா?

வங்கிகளின் மறுப்புக்கு வருகிறேன். வாடிக்கையாளரின் கணக்கு விவரம் இரகசியம். மையக் கணினியில் நுழையும் குறியீடு ஊழியருக்கு மட்டுமே உரியது. ஒருவர் பதிந்ததை இன்னொருவர் சரிபார்த்து அனுமதித்தால்தான் பரிவர்த்தனை முடியும் என்ற கட்டுப்பாட்டில் வெளியாள் ஒருவருக்கு இடமில்லை. இவை மூன்றும் முற்றிலும் சரியானவை, இவற்றில் எள்ளளவும் தளர்வு கூடாது. ஒரு அதிகாரி தன் கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்துவிட்டு மாணவரை உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போவதை நான் ஒருக்காலும் ஏற்கமாட்டேன். ஆனால் நிஜக் கணினியைத் தொடாமலே கற்பிக்க வழி இருக்கிறது. மென்பொருளின் புதிய பதிப்பை நடைமுறைக்குக் கொண்டுவருமுன் ஓட்டிப்பார்ப்பதற்காக வங்கிகள் தனியே ஒரு சோதனைக் கணினிச் சூழலை வைத்திருக்கின்றன. அதில் இருப்பவை பொய்க் கணக்குகள், பொய்ப் பெயர்கள், பொய்ப் பணம். அங்கே ஒரு கோடி ரூபாயைத் தவறாக மாற்றினாலும் யாருக்கும் நட்டமில்லை. ஓசூர்த் தொழிற்சாலைகளில் பயிற்சிக்கு வரும் ஐ.டி.ஐ. மாணவனை, லேத் மெஷின் ஆபத்தானது என்று சொல்லி வாயிற்காவலர் அறையில் வருகைப் பதிவேடு எழுதவிடுவதில்லை. பயிற்சிக் கூடத்தில் தனி மெஷினையும் வீணானாலும் பரவாயில்லை என்ற இரும்பையும் கொடுத்துக் கடையவிடுகிறார்கள். வங்கிகளுக்கும் அந்தப் பயிற்சிக் கூடம் இருக்கிறது, கதவுதான் பூட்டியிருக்கிறது.

அதைத் திறக்கும் இடம் எது என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன். 1969-இல் கொண்டுவரப்பட்ட முன்னோடி வங்கித் திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வங்கி முன்னோடியாக இருந்து மற்ற வங்கிகளை ஒருங்கிணைக்கிறது. நம் இரு மாவட்டங்களுக்கும் அது இந்தியன் வங்கி. நான் முதலில் சொன்ன காலாண்டு வங்கியாளர் கூட்டமான, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆலோசனைக் குழுவில் பயிர்க்கடன், கல்விக்கடன், மகளிர் குழுக் கடன் இலக்குகள் பேசப்படுகின்றன. அந்தப் பொருள்நிரலில் கல்லூரி மாணவருக்கான வங்கித் தொழில்நுட்பப் பயிற்சியையும் ஓர் இனமாகச் சேர்க்கவேண்டும் என்று இரு மாவட்ட ஆட்சியர்களையும் முன்னோடி வங்கி மேலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். இடத்துக்கும் அலையவேண்டாம். மாவட்டத்துக்கு ஒன்று என்று வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில், தையலும் செல்போன் பழுதுபார்ப்பும் கற்றுத்தரும் அதே கட்டடத்தில், ஒரு அறையைச் சோதனைச் சூழலோடு இணைத்துக்கொடுத்தால் போதும். பாடம் நடத்த, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்கள் இந்த இரு மாவட்டங்களிலும் நிறையப் பேர் இருக்கிறோம். தேநீர்ச் செலவு கொடுத்தால் வந்துவிடுவோம்.

எல்லா வங்கிகளும் ஒரேயடியாகச் சேரும் என்று எதிர்பார்க்கவில்லை. முதலில் வரக்கூடியவை என்று நான் நினைப்பது சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கியும், தருமபுரி மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும்தான். இவற்றின் முடிவெடுக்கும் அலுவலகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் தந்தது. 63,000 சங்கங்கள் அதில் அடங்கும். பல ஆண்டுகளாகக் கையால் எழுதிய பயிர்க்கடன், நகைக்கடன் பேரேடுகளைக் கணினிக்கு மாற்றும்போது பழைய இருப்பும் புதிய இருப்பும் ஒத்துவராத இடங்கள் எந்தச் சங்கத்திலும் வரத்தான் செய்யும். எங்கள் காலத்தில் கிளைகளில் நடந்த அதே மாற்றம் இப்போது சங்கங்களில் நடக்கிறது. அதை உடனிருந்து பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகள் கழித்து வரும் மாணவருக்கு இருக்காது. ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும்: பேரேட்டைப் பார்த்துக் கணினியில் தட்டச்சு செய்யும் கூலியில்லா ஆட்களாக மாணவர்களைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆசை சங்கங்களுக்கு வரும். ஒத்துவராத இனங்களைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு மட்டுமே, பெயரும் கணக்கு எண்ணும் மறைக்கப்பட்ட பட்டியல்களை வைத்து, செயலாளர் முன்னிலையில் அவர்களை ஈடுபடுத்தவேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

பயிற்சிக்கு வருகிறவரிடம் இரகசியக் காப்பு உறுதிமொழி எழுதி வாங்குவது, வாடிக்கையாளரின் போனையும் அட்டையையும் தொடவே கூடாது என்று முதல் நாளே சொல்லுவது, ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக ஒரு அலுவலரை நியமிப்பது, மதியச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்குமாவது ஒரு தொகை கொடுப்பது ஆகியவை சாதாரண ஏற்பாடுகள். இவற்றைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. சான்றிதழ் மட்டும் மாறவேண்டும். "பயிற்சி பெற்றார், நன்னடத்தை உள்ளவர்" என்ற இரண்டு வரிக்குப் பதில், எந்தப் பகுதியைச் சோதித்தார், என்ன பிழை கண்டார், அது திருத்தப்பட்டதா என்று ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தால், வேலைக்கு எடுப்பவருக்கு அதுவே போதும். கல்லூரிகளும் தம் பங்குக்கு, பணம் கட்டி வாங்கிய இணையச் சான்றிதழ்களை ஏற்பதில்லை என்று துறைத் தலைவர் அளவிலேயே முடிவெடுக்கலாம். ஆனால் மாற்று இடம் காட்டாமல் அந்தக் கதவை மட்டும் அடைத்தால் கஷ்டப்படப்போவது பெண்பிள்ளைகள்தான் என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும்.

மார்ச் 31 ஆண்டுக் கணக்கு முடிப்பும் அதைத் தொடர்ந்த தணிக்கையும் நடக்கும் வாரங்களில் எந்த வங்கியும் பயிற்சிக்கு ஆள் எடுக்காது. கல்லூரித் தேர்வுகள் முடிந்து மாணவர்கள் ஓய்வாக இருப்பது பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில். ஆகவே இந்தக் கோரிக்கை டிசம்பர் காலாண்டுக்கான ஆலோசனைக் குழுக் கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளப்பட்டால்தான், வங்கிகள் தம் தலைமை அலுவலகத்தின் கணினித் துறையிடமும் தகவல் பாதுகாப்புப் பிரிவிடமும் அனுமதி பெற்று வருவதற்கு அவகாசம் இருக்கும். இரு மாவட்ட நிர்வாகங்களும் முன்னோடி வங்கியும் இதைப் பரிசீலித்து, எந்த வங்கி எத்தனை மாணவரை எந்தத் தேதியிலிருந்து ஏற்கும் என்பதைக் கல்லூரிகளுக்கு ஏப்ரல் மாதத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.